படச்சுருளில் விழாதது

ஒமாஹா
அக்டோபர் 9, 1973

மச்சான் எல்ரேவுக்கு,

போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் தங்கை லூவி பேனாவையே ஒளித்து வைத்துவிட்டாள். "அந்த ஆளுக்கு என்ன லெட்டர் வேண்டிக் கெடக்கு? எங்க அண்ணன்னு இனிமே யாரும் எங்கிட்ட பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் பார்லருக்குப் போயிருக்கிறாள். பென்சிலால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

என் கேள்வி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தில், பந்து எப்போது கிளம்பும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

பந்து எந்த எண்ணில் கிளம்பும் என்பது எங்கள் பதினோரு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஒவ்வொரு தடவையும் வட்டமாக நின்று காதோடு காதாகச் சொல்லிக்கொள்கிறோம். ஒரு தடவை ஒன்று, ஒரு தடவை மூன்று. எங்கள் குவார்ட்டர்பேக் டெனிங் சத்தமாக எண்ணுவான், அந்த எண் வந்ததும் பந்து அவன் கைக்குப் போகும். எதிரே குனிந்து நிற்கும் நீ, பந்து அசைந்த பிறகுதான் அசைய வேண்டும். முந்தினால் உங்களுக்கு ஐந்து கஜம் அபராதம். டெனிங்கைச் சாய்ப்பது உன் பிழைப்பு, உன்னைத் தடுப்பது என் பிழைப்பு. எனக்கு உன்னைவிட இமைப்பொழுது முன்னால் தெரியும் என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே சலுகை.

அந்த இமைப்பொழுதை நீ பிடுங்கிக்கொண்டாய். முட்டி இரண்டிலும் கத்தி பட்டவன், முப்பத்து மூன்று வயதுக்காரன், பந்தோடு சேர்ந்தே கிளம்புகிறாய்! நான் நிமிர்வதற்குள் என் தோளைத் தாண்டிவிட்டாய். டெனிங்கின் காறை எலும்பு போயிற்று.

திங்கட்கிழமை முழுக்க எங்கள் கோச் ஸ்லாட்டரி இருட்டு அறையில் படச்சுருளை முன்னும் பின்னும் ஓட்டினார். என் விரல், என் குதிகால், என் கண் எதிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் விளக்கைப் போட்டார். "அவன் உன் வீட்டு ஆளு. உங்கிட்ட என்னமோ ஒண்ணு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. டிசம்பர்ல டொலீடோவுல மறுபடி மோதுறோம். அதுக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா அங்க ஆடப்போறது வேற ஆளு" என்றார்.

எது என்று சொல், மச்சான்.

ஹோசியா


டொலீடோ
அக்டோபர் 16

மாப்பிள்ளை ஹோசியாவுக்கு,

பென்சிலில் எழுதியே இவ்வளவு புலம்பலா! பேனா கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நீ கேட்பது எப்படி இருக்கிறது தெரியுமா? எதிர்க்கடைக்காரனிடமே போய், சரக்கு எங்கே வாங்குகிறாய் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் நாலு வருடம் பலத்தில் ஓடியது, அடுத்த நாலு வருடம் கோபத்தில் ஓடியது. இப்போது தந்திரத்தில்தான் ஓடுகிறது. அதையும் உனக்கு எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்பச் சொல்கிறாய்.

என் இடத்துக்கு கெர்வின் என்று ஒரு பயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வயது. ஓடினால் காற்று மாதிரி ஓடுகிறான். என்னை 'ஐயா' என்கிறான். அந்த ஐயாவுக்கே ஒருநாள் அவனை உதைக்கப்போகிறேன். ஒமாஹா ஆட்டத்துக்குப் பிறகு எங்கள் கோச் வாண்டர்மீர் என் முதுகைத் தட்டி, "கெழட்டு நாய்க்கு இன்னும் பல்லு இருக்குய்யா" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தப் பல் இருக்கிறவரைதான் எனக்குச் சோறு.

டெனிங்கை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன் என்று லூவியிடம் சொல். "உன் மூஞ்சியப் பாத்தா இன்னும் வலிக்குது, போயிடு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எலும்பு முறிய வேண்டும் என்று நான் விழவில்லை. ஆனால் விழுந்ததற்கு வருத்தம் தெரிவிக்க மாட்டேன்.

உன் மனச் சமாதானத்துக்கு ஒன்று சொல்கிறேன். உன் கை சுத்தம், கால் சுத்தம், கண்ணும் சுத்தம். அங்கெல்லாம் தேடி நேரத்தை வீணாக்காதே.

எல்ரே


ஒமாஹா
அக்டோபர் 29

மச்சான்,

கை, கால், கண் மூன்றும் சுத்தம் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

நம்மோடு கல்லூரியில் ஆடிய மெல்வினுக்குப் போன் போட்டேன். அவனும் இந்த வருடம் உனக்கு எதிரே நின்றிருக்கிறானே. "எல்ரேவா? நல்ல ஆளு, இல்லேங்கல. ஆனா மந்திரவாதியெல்லாம் கெடையாது. பந்து கெளம்பினப்புறம்தான் அவனும் கெளம்புறான்" என்றான். இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன், அவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆக, உன் தந்திரம் என் ஒருவனிடம்தான் பலிக்கிறது. எனக்கு இதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

சனிக்கிழமை சமையலறையில் லூவியை உன் இடத்தில் நிற்க வைத்தேன். மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு நான் தரையில் கையூன்றிக் குனிந்தேன். அவளும் ஏப்ரனோடு எதிரே குனிந்தாள். மனத்தில் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நானே எண்ணினேன். நான் எப்போது கிளம்புவேன் என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். அடுப்பில் கோழி படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது. ஒரு தடவைகூட அவளால் முடியவில்லை. நாலாம் தடவை இடித்துக்கொண்டு இருவரும் குளிர்பெட்டியில் போய் மோதினோம்.

"ஒரு எழவும் தெரியல. எந்திரிங்க, கோழி கருகுது" என்றாள். அப்புறம் கரண்டியோடு நின்று கொஞ்சம் யோசித்தாள். "எங்க அண்ணனுக்குச் சொந்தமா எதுவுமே தெரியாதுங்க. பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்திருக்கறவன் பேப்பரப் பாத்தே பாஸானவரு. உங்ககிட்டயும் எதையோ பாத்து எழுதுறாரு, அவ்வளவுதான்."

உன்னோடு பேசமாட்டேன் என்கிறாளே தவிர, உன் பேச்சு இல்லாமல் அவளுக்கு ஒரு வேளை சாப்பாடு இறங்குவதில்லை.

ஹோசியா


டொலீடோ
நவம்பர் 6

மாப்பிள்ளை,

லூவி என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறாள். அந்தக் குளிர்பெட்டிக்கு அடி ஒன்றும் இல்லையே?

உன்னிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். போன கடிதத்தில் பெரிய மர்மத்தைக் கையில் வைத்திருப்பவன் மாதிரி அளந்தேன். எனக்கே தெரியாது! உன் எதிரே குனிந்ததும், பந்து கிளம்பப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்தது, கிளம்பினேன். அன்று முழுக்க நான் உன்னைப் பார்க்கவே இல்லை, புல்லைத்தான் பார்த்தேன். அதனால்தான் கை, கால், கண் சுத்தம் என்று தைரியமாக எழுத முடிந்தது.

வாண்டர்மீர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "ஹோசியாகிட்ட நீ என்ன பாக்கறேன்னு மத்தவங்களுக்கும் சொல்லிக் குடு" என்றார். "சத்தியமா தெரியாது கோச்" என்றேன். உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? "மச்சான் மாப்பிள்ளைப் பாசமா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். அந்த ஞாயிறு பாதி ஆட்டத்துக்கு மேல் கெர்வின்தான் ஆடினான். நான் கோட்டுக்கு வெளியே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கும் இது என்னவென்று தெரியாமல் மண்டை காய்ந்தது. சொந்தத் தந்திரம் என்னவென்று தெரியாத தந்திரசாலி உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

நேற்று முன்தினம் எங்களுக்கு ஆட்டம் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு இங்கே ஒரு பாப்டிஸ்ட் சபைக்குப் போனேன். நம் ஊரைப் போலவே, ஒரு மூப்பர் எழுந்து பாட்டின் முதல் அடியை இழுத்துச் சொன்னார். அடுத்து சபை பாட வேண்டும். அதற்குள் நான் தானாக முன்னால் சாய்ந்து, முன் பெஞ்சு அம்மாளின் தொப்பியில் போய் இடித்தேன். அவர் திரும்பி முறைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது, மாப்பிள்ளை.

ஆனால் சொல்ல மாட்டேன். டிசம்பரில் ஒமாஹாவுக்கு எதிராக மட்டும் ஆரம்பத்திலிருந்தே என்னை இறக்குவதாக வாண்டர்மீர் சொல்லியிருக்கிறார். "உன் மாப்பிள்ளைய அன்னிக்கு மாதிரி ஆட்டிவை, அடுத்த வருஷமும் இங்கதான் நீ" என்கிறார். என் அடுத்த வருடம் உன்னிடம்தான் இருக்கிறது. நீயே யோசித்துப் பார்.

எல்ரே


ஒமாஹா
நவம்பர் 13

எல்ரே,

பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? களத்தில் நான் பாடுவதில்லை. என் பக்கத்தில் நிற்கிற ரஸ்டியிடம், "நான் எதையாச்சும் முணுமுணுக்கறேனா?" என்று கேட்டேன். "பொணம் மாதிரி நிக்கறய்யா. தலையில அடிகிடி பட்டுச்சா?" என்றான்.

உன் கடிதத்தை லூவி படித்துவிட்டாள். தட்டுகளைக் கழுவிக்கொண்டே அழுதாள். "நீங்க கண்டுபிடிக்கலேன்னா நாம இந்த ஊர விட்டுப் போகணும். அவர் சொல்லிட்டா அவரு ஆட்டத்த விட்டுட்டு வீட்டுக்குப் போகணும். ரெண்டுல எது நடந்தாலும் நட்டம் எனக்குத்தான். நீங்க இனிமே கேக்காதீங்க" என்றாள்.

கேட்கக் கூடாது என்று மூன்று நாள் இருந்து பார்த்தேன், முடியவில்லை. வேலை போனால் போகட்டும், நம் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்துக்கொள்வேன். என்னைப் பற்றிய ஒரு விஷயம் உனக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. பல் தேய்க்கும்போதுகூடக் கண்ணாடியில் என்னையே வேவு பார்க்கிறேன்.

ஹோசியா


டொலீடோ
நவம்பர் 23

மாப்பிள்ளை,

நேற்று நன்றி நாள். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து வான்கோழி சாப்பிட்டேன், காய்ந்த ரொட்டி மாதிரி இருந்தது. லூவி அழுதாள் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துத் தட்டைத் தள்ளி வைத்தேன். சொல்லிவிடுகிறேன்.

உன் மூச்சுதான்.

பந்து கிளம்பும் எண்ணுக்குச் சற்று முன்னால் நீ மூக்கால் ஒரு மூச்சு இழுக்கிறாய். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. இரண்டு அடி தள்ளி நிற்கும் வேறு எவனுக்கும் அது கேட்டிருக்காது, கேட்டாலும் பொருட்படுத்தியிருக்கமாட்டான். நம் சபைப் பாடகர் குழுவில் உன் பக்கத்தில் அத்தனை வருடம் நின்றேனே, எனக்குத் தாளம் பிடிபட்டதே இல்லை என்பது உனக்குத் தெரியுமா? எண்ணினால் தப்பிவிடும். மூப்பர் அடியைச் சொல்லி முடித்ததும் நீ மூக்கால் மூச்சு இழுப்பாய், நான் அதைக் கேட்டதும் வாயைத் திறப்பேன். 'கெய்ன்ஸ் வீட்டுப் பையன் சரியா சேர்ந்துக்கறான்' என்று எல்லாரும் என்னை மெச்சினார்கள். லூவி சொன்ன பக்கத்துப் பேப்பர் நீதான். அன்று இங்கே சபையிலும் பக்கத்திலிருந்தவர் அப்படி மூச்சு இழுத்தபோதுதான் போய் அந்தத் தொப்பியில் இடித்தேன்.

இந்த வருடம்தான் நான் உன் எதிரே நின்று ஆடுகிறேன். மூச்சு கேட்டது, உடம்பு சேர்ந்துகொண்டது. உங்கள் கோச் ஓட்டின படத்துக்குக் காது கிடையாது. பாவம், அவர் இன்னும் நூறு தடவை ஓட்டினாலும் அகப்படாது.

இதை வைத்து நீ என்ன செய்வாயோ செய். என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் எனக்கு எழுதாதே. அங்கே உன்னைப் பார்க்கும்போது நான் உன்னைச் சாய்க்கத்தான் வருவேன். அதில் மாற்றம் இல்லை.

எல்ரே


ஒமாஹா
டிசம்பர் 11

மச்சான்,

ஆட்டம் முடிந்து பஸ் பக்கத்தில் உனக்காக நின்றேன். நீ பின்வாசலால் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டு வாரம் மூச்சை அடக்கிப் பழகினேன். முதல் நாளே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் வாயால் கொஞ்சம் கொஞ்சமாக விடக் கற்றுக்கொண்டேன். டொலீடோவில் முதல் பாதி நீ சாதாரண ஆளாக இருந்தாய். உன்னை நிறுத்த முடிந்தது. "என்ன மாப்பிள்ளை, தங்கச்சி மூச்சு விடக்கூட நேரம் குடுக்கலயா?" என்று நீ கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்து கால் தடுமாறியது. அதையும் பயன்படுத்திக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டுப் போனாய். உன் புத்தி எங்கே போகும்!

கடைசியில் நாங்கள் நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்களுக்கு ஒரே ஒரு முயற்சி பாக்கி, மூன்று கஜம் முன்னேற வேண்டும். உங்கள் கூட்டம் போட்ட கூச்சலில் எங்கள் குவார்ட்டர்பேக்கின் எண்ணிக்கையே எங்களுக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு அதுதானே வேண்டும்? அப்போது நீ எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கைகளைத் தாழ்த்தி, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினாய். உங்கள் ஆட்களே உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதுபோல் பார்த்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. பதற்றத்தில் நான் பழைய மாதிரி மூச்சு இழுப்பேன், அதைக் கேட்க வேண்டும் என்றுதானே?

கூட்டம் அடங்கியது. எங்கள் திட்டம் பந்தை எடுப்பதே இல்லை. எண்ணிக்கொண்டே போய் உங்களில் ஒருவனை முந்த வைக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் அசையாமல் குனிந்திருந்தோம். நான் மூக்கால் மூச்சு இழுத்தேன். பொய் மூச்சு.

நீ வந்துவிட்டாய். பந்து தரையிலேயே இருந்தது. நடுவர் கொடியை வீசினார். ஐந்து கஜம் எங்களுக்கு வந்தது, அதை வைத்தே நாங்கள் ஜெயித்தது உனக்குத் தெரியும். ஸ்லாட்டரி என் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். எனக்கு அந்த முத்தம் கசந்தது.

நான் பொய்யாக இழுக்கலாம் என்பது உனக்குத் தெரியும், மச்சான். சொல்லிக்கொடுத்ததே நீ. அப்புறம் ஏன் வந்தாய்? தப்பினாயா, விட்டுக்கொடுத்தாயா? "எங்க அண்ணன் எனக்காகத்தான் பண்ணினாரு" என்று லூவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அப்படியானால் நான் ஆடிய ஆட்டத்துக்கு அர்த்தமே இல்லை. அப்படி இல்லையென்றால் நீ தந்ததை வைத்தே உன்னைக் கவிழ்த்தவன் நான். இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஹோசியா


டொலீடோ
டிசம்பர் 19

மாப்பிள்ளை,

கேள்வி கேட்பதை நீ சாகிறவரை விடமாட்டாய். பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. கொடுப்பதாக இருந்தால் அந்தக் கூட்டத்தை ஏன் அடக்கப்போகிறேன்? ஜெயிக்க வேண்டும் என்றுதான் அடக்கினேன். உன்னைச் சாய்த்துவிட்டு உன் மேலே உட்கார்ந்து சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாரம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: 'எல்ரே, காதை நம்பாதே, பந்தைப் பார்.' பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இழுத்த மூச்சு பொய் என்பதும் தெரிந்தது. பாட்டில் நீ இழுக்கிற மூச்சு மெதுவாக வரும், இது வெடுக்கென்று வந்தது. எல்லாம் தெரிந்தும் உடம்பு போய்விட்டது. நீ மூச்சு இழுத்தால் நான் சேர்ந்துகொள்வேன், அப்படியே வளர்ந்துவிட்டேன். அதனால் நீ என்னை ஜெயித்தது ஜெயித்ததுதான். மரியாதையாக அந்த முத்தத்தை வாங்கிக்கொள்.

பத்திரிகைகள் என்னைக் கிழித்துவிட்டன. சொந்த ஊர்க் கூட்டத்தையே வாய் மூடச் சொல்லிவிட்டு, அடுத்த நொடி குதித்தவன் என்று கார்ட்டூன் போட்டிருக்கிறார்கள். படத்தில் என் தொப்பையைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

வாண்டர்மீர் முட்டாள் இல்லை. திங்கட்கிழமை கதவைச் சாத்திவிட்டு என்னை உட்கார வைத்தார்.

"ஏன்யா கூட்டத்த அடக்கின?"

நான் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"நீ எதையும் பாக்கல. எதையோ கேக்கற. ஹோசியாகிட்ட இருந்து ஏதோ சத்தம் வருது, இல்லையா? அது என்னன்னு சொல்லு. கெர்வினுக்கும் மத்தவனுங்களுக்கும் சொல்லிக் குடுப்போம். அடுத்த வருஷம் உனக்கு இங்க எடம் இருக்கு, நான் கையெழுத்துப் போடறேன்."

மாப்பிள்ளை, நீ இரண்டு வாரம் மூச்சை அடக்கிவிட்டாய். ஆகஸ்டு வெயிலில் ஒரு பருவம் முழுக்க அடக்க முடியாது. அவரிடம் சொன்னால் அடுத்த வருடம் கெர்வின் காதைத் தீட்டுவான், அவன் வேறு ஊருக்குப் போனால் அங்கேயும் சொல்வான். கொஞ்ச நாளில் உன் எதிரே நிற்கிற ஒவ்வொருவனும் உன் மூக்கைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான். உன் வேலை போகும், லூவியின் பார்லரை மூட்டை கட்ட வேண்டும்.

எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், ரொம்ப ஆசையாக இருந்தது. இன்னும் ஒரு வருடம் அந்த உடையைப் போட்டுக்கொள்ளலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கெர்வின் வெளியே வராந்தாவில் எனக்காக நின்றுகொண்டிருந்தான், என் பையைத் தூக்கி வர. அந்தப் பயல்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"தலைவலி கோச். அந்தச் சத்தம் தாங்கல, அதான் அடக்கினேன்" என்றேன்.

அவர் எழுந்து கதவைத் திறந்தார். "பன்னெண்டு வருஷம் ஆடிட்டு, தலைவலின்னா சொல்ற?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் அணிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

லூவி போன் பண்ணினால் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. நீயே அவளிடம் சொல்லிவிடு. 'உனக்காகவும் இல்லை, உன் புருஷனுக்காகவும் இல்லை, உன் அண்ணனுக்கு அன்றைக்குத் தலைவலி' என்று சொல்.

எல்ரே